ஸ்கிட்டுக்குப் பலிக்கும் மரபணு சிகிச்சை சிஜிடியில் மட்டும் ஏன் இழுபறி?

ஃப்ளோக்காரர் · பதிவு 1

ஸ்கிட் என்பது டி செல் போன்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் இல்லாமல் பிறக்கும் நோய்; ஏடிஏ என்ற நொதி இல்லாததால் வருவது ஏடிஏ-ஸ்கிட். அதற்கு, நல்ல மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லென்டிவைரஸ் வழியாகச் சிகிச்சை பெற்ற 50 குழந்தைகளின் முடிவு 2021-ல் வந்தது. அமெரிக்காவில் 30 பேர், பிரிட்டனில் 20 பேர். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். 48 பேரிடம் திருத்திய செல்கள் நிலைத்துவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டு எக்ஸ் வகை சிஜிடி, அதாவது நியூட்ரோபில் என்ற வெள்ளணுவால் கிருமியைக் கொல்லும் சூப்பராக்ஸைடைத் தயாரிக்க முடியாத நாட்பட்ட கிரானுலோமா நோய் உள்ள 9 பேரின் முடிவு வந்தது. அதில் இருவர் 3 மாதத்துக்குள் இறந்தார்கள், ஏற்கெனவே இருந்த சிக்கல்களால். மீதி 7 பேரில் 6 பேருக்கு 12-ஆம் மாதத்தில் வேலை செய்யும் நியூட்ரோபில் 16 முதல் 46 சதவீதம்.

இரண்டிலும் லென்டிவைரஸ்தான், இரண்டிலும் ரத்த செல்களை உண்டாக்கும் சிடி34 குருத்தணுதான், இரண்டிலும் மஜ்ஜையில் இடம் காலி செய்யும் புசல்பான் என்ற கீமோ மருந்துதான். பிறகு எங்கே பிரிகிறது பாதை? "ஸ்கிட் எளிது, சிஜிடி கடினம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் கடினம் என்பதற்கு எண்களோடு பதில் வேண்டும்.

தைமஸ்வாசி · பதிவு 2

வித்தியாசம் வைரஸில் இல்லை, நோயில் இருக்கிறது. திருத்திய செல் திருத்தாத செல்லை முந்துமா, முந்தாதா? புசல்பான் அளவு, ஒரு செல்லுக்கு எத்தனை நகல், எந்தப் புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ துண்டு) என்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் வரும்.

எக்ஸ்-ஸ்கிட்டில் பழுது ஐஎல்2ஆர்ஜி மரபணுவில். அது உண்டாக்கும் காமா-சி புரதம் இல்லையென்றால் டி செல்லின் முன்னோடி, பெருகச் சொல்லும் ஐஎல்-7 சமிக்ஞைக்குப் பதில் சொல்லாது, பெருகாமலே செத்துப்போகும். டி செல் வளரும் தைமஸ் சுரப்பி காலியாகக் கிடக்கும். அங்கே திருத்திய முன்னோடிகள் கொஞ்சம் போய்ச் சேர்ந்தால் போதும், போட்டிக்கு ஆளே இல்லை. 1999-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் அலன் ஃபிஷர், மரினா கவசானா-கால்வோ குழு கீமோ எதுவும் கொடுக்காமலே டி செல்களை வரவழைத்தது இதனால்தான். ஆனால் மஜ்ஜையில் இடம் காலி செய்யவில்லை என்பதால் நெடுநாள் குருத்தணு ஒட்டவில்லை. பி செல்லும் என்கே செல்லும் தேறவில்லை. பலருக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதை நிறுத்த முடியவில்லை. மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் குழு 2019-ல் 8 கைக்குழந்தைகளின் முடிவை வெளியிட்டபோது, வைரஸை லென்டியாக மாற்றி, குறைந்த அளவு புசல்பானையும் சேர்த்ததோடு பி, என்கே இரண்டும் வரத் தொடங்கியிருந்தன.

ஏடிஏ-ஸ்கிட்டிலும் இதே கணக்குதான், வழி மட்டும் வேறு. நொதி இல்லாத லிம்போசைட்டுக்குள் டிஏடிபி என்ற நச்சுப்பொருள் குவிந்து அதைக் கொல்கிறது. திருத்திய செல் தப்பிக்கிறது. 1990-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்த முதல் சோதனையில் அந்த நொதியை வெளியிலிருந்து தரும் பெக்-ஏடிஏ ஊசியும் கூடவே போய்க்கொண்டிருந்தது. ஊசி நஞ்சைக் குறைத்ததால் திருத்தாத செல்லும் பிழைத்தது, திருத்திய செல்லுக்கு இருந்த முன்னிலை மங்கிவிட்டது. 2002-ல் மிலான் குழு ஊசியை நிறுத்தி, புசல்பான் கிலோவுக்கு மொத்தம் 4 மி.கி. கொடுத்தபோதுதான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

சிஜிடிக்கு வாருங்கள். நியூட்ரோபில் ரத்தத்தில் ஒரு நாள் இருந்தால் அதிகம். நாளைக்கு வேண்டியதை மஜ்ஜை இன்றைக்கே தயாரிக்க வேண்டும். சூப்பராக்ஸைடு தயாரிக்கத் தெரிந்த நியூட்ரோபில்லுக்கும் தெரியாததற்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. முன்னோடி நிலையில் அந்த மரபணு வேலையே செய்வதில்லை. ஆக நியூட்ரோபில்லில் 20 சதவீதம் வேண்டுமென்றால் மஜ்ஜையில் நெடுநாள் குருத்தணுவிலேயே 20 சதவீதம் திருத்தமாக இருக்க வேண்டும். பெருக்கிக் கொடுக்க யாரும் இல்லை.

டி செல்லும் தட்டணுவும் பாதிக்கும் விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய் நடுவில் நிற்கிறது. டி செல்லுக்கு முன்னிலை உண்டு, தட்டணுவுக்குப் பெரிதாக இல்லை. அதனால்தான் சிகிச்சைக்குப் பிறகு தொற்று நன்றாகக் குறைகிறது, ரத்தக்கசிவும் குறைகிறது, ஆனால் தட்டணு எண்ணிக்கை இயல்பு அளவை எட்டாமல் நிற்கிறது.

கேள்விக்குறி · பதிவு 3

எல்ஏடி-1 (வெள்ளணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி வெளியேற முடியாத நோய்) மட்டும் ஏன் நன்றாகப் போகிறது அப்போது? அதுவும் நியூட்ரோபில் நோய்தானே, அங்கேயும் முன்னிலை கிடையாது. 2025-ல் வெளியான அறிக்கையில் 9 குழந்தைகளும் உயிரோடு, மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படாமல். உங்கள் கோட்பாடு அங்கே உடைகிறதே.

தைமஸ்வாசி · பதிவு 4

உடையவில்லை, ஆனால் முழுமையும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

ஒன்று, எவ்வளவு போதும் என்பது. எல்ஏடி-1-ல் ஒட்ட உதவும் சிடி18 புரதம் உள்ள நியூட்ரோபில் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கடும் வகை, 2 முதல் 30 வரை நடுத்தர வகை. நடுத்தர வகையினர் பெரியவர்களாக வளர்கிறார்கள். அதாவது சின்னத் திருத்தம்கூட ஆளைக் காப்பாற்றும். சிஜிடியில் நமக்குக் கிடைக்கும் அளவுகோல் எக்ஸ் வகை நோயாளிகளின் தாய்மார்கள். எக்ஸ் குரோமோசோம் தற்செயலாக அணைவதால் ஒவ்வொருவருக்கும் வேலை செய்யும் நியூட்ரோபில் சதவீதம் வேறு. 10-க்குக் கீழே போனவர்களுக்குத் தொற்று வருகிறது, 20-ஐத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் தோல், குடல் போன்ற தன்னெதிர்ப்புத் தொல்லைகள் இந்தச் சதவீதத்தைப் பார்த்து வருவதில்லை. 20 என்பது தொற்றுக்கான வேலி மட்டும்.

இரண்டாவது, எடுக்கும் குருத்தணுவின் உடல்நிலை. சிஜிடியில் அழற்சி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. ஐஎல்-1 போன்ற சைட்டோகைன்கள் (செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள்) குருத்தணுவைத் தூங்கவிடாமல் எழுப்பிப் பிரிந்து பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வருடக்கணக்கில் இப்படி எழுப்பப்பட்ட குருத்தணு, எடுத்து வளர்த்துத் திருப்பிப் போடும்போது சரியாக ஒட்டுவதில்லை. எல்ஏடி குழந்தைகள் பெரும்பாலும் சிறு வயதிலேயே வருகிறார்கள். சிஜிடி நோயாளி பூஞ்சைத் தொற்று, கல்லீரல் கட்டி, குடல் அழற்சி எல்லாம் பார்த்து 15, 20 வயதில் வருகிறார்.

மருந்தளவு · பதிவு 5

புசல்பான் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே நிறையக் குழப்பம் நடக்கிறது, அதில் பாதி அலகுக் குழப்பம்.

கிலோவுக்கு இத்தனை மி.கி. என்பது பழைய வழக்கம். இப்போது ரத்தத்தில் மருந்து இருந்த அளவையும் நேரத்தையும் பெருக்கிய மொத்த ஏயுசி-யை இலக்காக வைக்கிறார்கள். சிலர் மி.கி.×மணி/லிட்டர் என்று எழுதுவார்கள், சிலர் மைக்ரோமோலார்×நிமிடம் என்று. முதல் அலகில் 1 என்றால் இரண்டாவதில் ஏறத்தாழ 244. ஆக 20 என்பது 4,900-க்குச் சற்றுக் கீழே. 90 என்பது 22,000-க்குச் சற்றுக் கீழே. ஒரு நாள் அளவையும் மொத்த அளவையும் மாற்றிப் படித்தால் நான்கு மடங்கு தவறும், ஏனென்றால் முழு அளவு பொதுவாக 4 நாளாகப் பிரியும்.

ஸ்கிட்டில் இலக்கு மொத்தம் 20-ஐ ஒட்டி. மெம்ஃபிஸ் எக்ஸ்-ஸ்கிட் சோதனையில் 22. ஆர்ட்டெமிஸ் வகை ஸ்கிட்டிலும் 20தான், அங்கே காரணம் வேறு: டிஎன்ஏ பழுதுபார்க்கும் புரதமே இல்லாத குழந்தைக்கு ஆல்கைலேட்டிங் மருந்தை அதிகம் கொடுத்தால் பிற்காலத்தில் பல், வளர்ச்சி, நாளமில்லாச் சுரப்பி என்று எல்லாம் பாதிக்கும். சிஜிடியில் 70-க்கு மேல் போகிறார்கள். ஸ்கிட் அளவில் நிறுத்தினால் ஒட்டாது, இது ஏற்கெனவே பார்த்த பாடம்.

சிஜிடியில் எல்லோரும் மறக்கும் ஒன்று உண்டு. இந்த நோயாளிகள் பெரும்பாலும் இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து சாப்பிடுபவர்கள். அது புசல்பான் வெளியேறுவதைக் குறைக்கும். மெட்ரோனிடசோலும் அப்படியே. பாராசிட்டமால் குளூட்டாதையோனைத் தின்றுவிடுவதால் புசல்பானுக்கு 72 மணி நேரம் முன்பிருந்தே தவிர்க்க வேண்டும். வலிப்பு வராமல் இருக்க முன்பு பெனிட்டாயின் கொடுத்தார்கள், அது நேர் எதிராகப் புசல்பானை வேகமாக வெளியேற்றும், இப்போது லெவெடிரசெட்டாம். இவற்றை மாற்றாமல் முதல் டோஸின் அளவீட்டை வைத்து அடுத்த டோஸைக் கணக்கிட்டுவிட்டு, நடுவில் இட்ராகொனசோலை நிறுத்தினால் உங்கள் கணக்கு காற்றில் போகும்.

கைக்குழந்தைகளில் இன்னொரு பொறி. முதல் சில மாதங்களில் கல்லீரல் நொதி முதிராததால் கிலோவுக்கு வெளியேற்றம் குறைவு. பிறகு ஏறி, நடக்கும் வயதில் பெரியவர்களைவிட அதிகமாகும். 2 மாதக் குழந்தைக்கும் 14 மாதக் குழந்தைக்கும் ஒரே மி.கி./கிலோ கொடுத்தால் ஒன்றுக்கு மிஞ்சும், ஒன்றுக்குப் போதாது.

ரத்தம் எடுக்கும்போது மருந்து ஏற்றிய குழாயின் அதே கிளையிலிருந்து எடுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மிச்சமே அளவைப் பல மடங்கு காட்டும். எடுத்ததும் ஐஸில் வைத்து உடனே பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும், அறை வெப்பத்தில் புசல்பான் தானாகச் சிதையும். முதலாவது தவறில் அளவு போலியாக ஏறும், இரண்டாவதில் போலியாக இறங்கும். இறங்கியதைப் பார்த்து அடுத்த டோஸைக் கூட்டினால் கல்லீரல் நுண்குழல் அடைப்பில் போய் முடியலாம்.

உறைகலன் · பதிவு 6

செல் ஆய்வகப் பக்கம் நடப்பதைப் பார்த்தால் சிஜிடி ஏன் இழுக்கிறது என்பது இன்னும் புரியும்.

கைக்குழந்தையாக இருந்தால் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை, எடையில் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லி. பெரியவர்களுக்கு, குருத்தணுவை ரத்தத்துக்கு இறக்கும் ஜி-சிஎஸ்எஃப் சில நாள், கடைசியில் பிளெரிக்ஸாஃபோர் கிலோவுக்கு 0.24 மி.கி., பிறகு ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பு. அதில் ஒரு பங்கை எதுவும் செய்யாமல் அப்படியே உறைய வைக்க வேண்டும். திருத்திய செல் ஒட்டாமல் மஜ்ஜை காலியாகவே நின்றால் அதுதான் உயிர். முழு அளவு புசல்பான் கொடுக்கும் சிஜிடியில் இந்தக் காப்புப் பை இல்லாமல் தொடங்கவே கூடாது. எடுத்தது குறைவாக இருந்தால் சிலருக்கு இந்தக் காப்புப் பங்கில் கை வைக்கத் தோன்றும். காப்புப் பங்கை முதலில் பிரித்து வையுங்கள், மிச்சம் போதவில்லையென்றால் மறுபடி எடுங்கள்.

சிடி34 செல்களைக் காந்த மணிகளால் பிரித்து, செல்லும் வைரஸும் ஒட்ட உதவும் ரெட்ரோநெக்டின் பூசிய பையில் சீரம் இல்லாத ஊடகத்தில் ஒரு நாள் எழுப்புகிறோம். வழக்கமான வளர்ச்சிப் புரதக் கலவை: எஸ்சிஎஃப் 300, எஃப்எல்டி3 லிகண்ட் 300, டிபிஓ 100 நானோகிராம்/மில்லி, ஐஎல்-3 அதைவிடக் குறைவாக. பிறகு வெக்டர் (மரபணுவைச் சுமக்கும் வைரஸ்), ஒரு முறையோ இரண்டு முறையோ. மொத்தம் இரண்டு, இரண்டரை நாள்.

இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. லென்டிவைரஸ் பிரியாத செல்லுக்குள்ளும் நுழையும், ஆனால் முழுக்கத் தூங்கும் செல்லில் கஷ்டம். எழுப்பினால் நன்றாக நுழையும், ஆனால் எழுந்த குருத்தணு பிரியத் தொடங்கி நெடுநாள் ஒட்டும் திறனை இழக்கும். ஒவ்வொரு கூடுதல் நாளும் நகல் எண்ணைக் கூட்டி ஒட்டுதலைக் குறைக்கும். ஸ்கிட்டில் இந்த இழப்பைப் பின்னால் தைமஸ் ஈடுகட்டிவிடும். சிஜிடியில் ஈடுகட்ட எதுவும் இல்லை. அதனால்தான் போலாக்ஸமர், பிஜிஇ2 மாதிரி நுழைவைக் கூட்டும் பொருள்களைச் சேர்த்து, ஒரே முறை வெக்டர் கொடுத்து, நாளைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

விசிஎன், அதாவது ஒரு செல்லுக்குச் சராசரியாக எத்தனை வெக்டர் நகல் என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் இங்கேதான். வெக்டர் போட்ட இரண்டாம் நாள் அளந்தால் ஒட்டாமல் மிதக்கும் டிஎன்ஏ, தயாரிப்பில் வந்த பிளாஸ்மிட் மிச்சம் எல்லாம் சேர்ந்து எண் பெரிதாகத் தெரியும். அதே செல்லில் கொஞ்சத்தை 14 நாள் வளர்த்து அளந்தால்தான் உண்மை. அதுவும் தற்காலிக முன்னோடிகளின் சராசரி. அதே பையில் இருக்கும் நெடுநாள் குருத்தணு எப்போதும் அதைவிடக் குறைவாகத்தான் வாங்கியிருக்கும். பையில் 2 என்று எழுதிய தயாரிப்பு ஒரு வருடம் கழித்து நியூட்ரோபில்லில் 0.7 காட்டினால் யாரும் திருடிவிடவில்லை.

சராசரியும் ஒரு திரைதான். தற்செயலாகப் பரவுகிறது என்று வைத்துக்கொண்டால் சராசரி 1-ல் 37 சதவீத செல்லுக்கு ஒன்றுமே கிடைக்காது. 2-ல் 14, 3-ல் 5. உண்மையில் சில செல் அதிகம் வாங்கும், சில வாங்கவே வாங்காது, ஆகவே வெறும் செல் இதைவிடவும் கூடுதல். தனித்தனிக் காலனியாக வளர்த்து ஒவ்வொன்றிலும் பார்த்தால்தான் எத்தனை சதவீத செல் திருந்தியது என்பது தெரியும்.

கேள்விக்குறி · பதிவு 7

சராசரியை 6, 7 என்று ஏற்றிவிட வேண்டியதுதானே? வெறும் செல்லே இருக்காது.

வெக்டர்காரன் · பதிவு 8

அது ஆபத்தான வழி. ஒவ்வொரு நகலும் குரோமோசோமில் ஓரிடத்தில் அமர்கிறது. எங்கே என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. சராசரி 3-லேயே 12 செல்லில் ஒன்றுக்கு 6 அல்லது அதற்கு மேல் நகல் இருக்கும். பல சோதனைகளில் தயாரிப்பை வெளியிட 5-ஐ மேல் எல்லையாக வைப்பது சும்மா இல்லை.

பழைய காமா ரெட்ரோவைரஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "அப்போது வைரஸ் மோசம், இப்போது லென்டி நல்லது" என்று முடித்துவிடுகிறார்கள். பாரிஸ், லண்டன் இரண்டிலும் சேர்த்து எக்ஸ்-ஸ்கிட்டுக்கு 20 குழந்தைகள். முதல் சில ஆண்டுகளுக்குள் 5 பேருக்கு டி செல் லுக்கேமியா. வைரஸின் இரு முனையிலும் உள்ள எல்டிஆர் பகுதியில் வலுவான என்ஹான்சர் (பக்கத்து மரபணுவையும் தூண்டும் டிஎன்ஏ துண்டு) இருக்கிறது; 4 பேரிடம் அது எல்எம்ஓ2 என்ற புற்று மரபணுவின் பக்கத்தில் அமர்ந்து அதை அணையாமல் எரிய வைத்தது. விஸ்காட்-ஆல்ட்ரிச்சுக்கு ஜெர்மனியில் நடந்த சோதனையில் ஒட்டிய 9 பேரில் 7 பேருக்கு லுக்கேமியா. ஏடிஏ-ஸ்கிட்டில் அதே வகை வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்தது. அந்த வைரஸில் தயாரித்த ஸ்ட்ரிம்வெலிஸ் 2016-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதைப் பெற்றவர்களில் ஒருவருக்கு 2020-ல் லுக்கேமியா தெரிந்தது.

சிஜிடியில் நடந்தது இன்னும் விசித்திரம். பிராங்க்பர்ட் சோதனையில் இரண்டு பெரியவர்களுக்கு முதலில் வேலை செய்யும் நியூட்ரோபில் நன்றாக ஏறியது. எம்டிஎஸ்1-ஈவிஐ1 பகுதியில் வெக்டர் அமர்ந்த செல்கள் முந்தி வளர்ந்ததால் வந்த ஏற்றம் அது. பிறகு எல்டிஆர் புரோமோட்டரில் மெத்தில் (மரபணுவை அணைக்கும் வேதிக்குறி) ஏறி நாம் வைத்த மரபணு அணைந்துபோனது. என்ஹான்சர் மட்டும் அணையவில்லை. அதாவது பலன் போய்விட்டது, ஆபத்து தங்கிவிட்டது. குரோமோசோம் 7-இல் ஒன்று தொலைந்து மஜ்ஜை கெட்டுப்போனது. முன்னிலை இல்லாத நோயில் செல் திடீரென்று பெருகினால் மகிழாதீர்கள், எங்கே அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இப்போதைய வெக்டரில் 3' முனை எல்டிஆரின் யு3 பகுதியில் ஏறத்தாழ 400 எழுத்துகளை வெட்டியிருக்கிறார்கள். செல்லுக்குள் போனதும் இரு முனையும் என்ஹான்சர் இல்லாமல் ஆகிவிடும். உள்ளே தனியாக ஒரு புரோமோட்டர் வைக்கிறோம். ஏடிஏ வெக்டரில் அது ஈஎஃப்1-ஆல்ஃபாவின் சின்ன வடிவம், எல்லா செல்லிலும் மிதமாக எரியும். மிதமாக எரிந்தாலே போதும் என்பது ஏடிஏ-வின் அதிர்ஷ்டம். சிஜிடிக்கு நியூட்ரோபில்லில் மட்டும் வலுவாக எரிய வேண்டும், குருத்தணுவில் அடங்கியிருக்க வேண்டும். அதனால் கேதெப்சின்-ஜி, சி-ஃபெஸ் இரண்டையும் ஒட்டிய மைலாய்டு புரோமோட்டர்.

உள் புரோமோட்டரை அலட்சியமாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் துறைக்குப் பக்கத்து வீட்டு உதாரணம் இருக்கிறது. மூளையைத் தாக்கும் அட்ரினோலியுகோடிஸ்ட்ரோபிக்கான ஸ்கைசோனா. தன் முனை என்ஹான்சரைத் தானே அணைத்துக்கொள்ளும் லென்டிவைரஸ்தான், ஆனால் உள்ளே எம்என்டி என்ற வைரஸ் வழி வந்த வலுவான புரோமோட்டர். 2024 அக்டோபரில் வந்த அறிக்கையில் 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்று. பெரும்பாலானவர்களிடம் எம்இசிஓஎம் பகுதியில் வெக்டர், அதாவது அதே ஈவிஐ1 இடம். லென்டி என்ற பெயர் காப்பாற்றவில்லை. உள்ளே வைத்த என்ஹான்சரைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்.

ஃப்ளோக்காரர் · பதிவு 9

நன்றி, இது தெளிவு. பின்தொடரும்போது ஒரு குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) பெரிதானால் எந்த இடத்தில் கவலைப்படுவது? அறிக்கைகளில் 20 சதவீதம் என்ற எண் அடிக்கடி வருகிறது.

வெக்டர்காரன் · பதிவு 10

20 என்பது "உட்கார்ந்து பார்" என்ற மணி, "பயப்படு" என்ற மணி இல்லை. முதலில் எந்த செல்லில், எத்தனை செல்லில் என்று கேளுங்கள். டி செல் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 50 இருக்கும் மூன்றாம் மாதத்தில் ஒரு குளோன் 30 சதவீதம் காட்டலாம், மாதிரியே அவ்வளவுதான். வைரஸ் தொற்றுக்கு எதிராகப் பெருகிய நினைவு டி செல்லும் அப்படிக் காட்டும். அடுத்த மாதிரியில் அதே இடம் ஏறுகிறதா, டி, பி, மைலாய்டு மூன்றிலும் இருக்கிறதா, எல்எம்ஓ2, எம்இசிஓஎம், சிசிஎன்டி2 பக்கத்திலா என்பதைப் பார்த்துத்தான் முடிவு. மைலாய்டில் மட்டும் மெதுவாக, மாதிரிக்கு மாதிரி ஏறுவது எனக்கு மிகவும் பிடிக்காத கோடு. வெக்டர் அமர்ந்த இடங்களை முதல் 5 ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என 15 ஆண்டுகள் பார்ப்பது வழக்கம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு, வெளி ஆய்வகங்களுக்குத் தெரிவதில்லை: லென்டி வெக்டரில் ஹெச்ஐவியின் சில துண்டுகள் இருக்கின்றன. நியூக்ளிக் அமிலத்தைத் தேடும் ஹெச்ஐவி சோதனை இந்தக் குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். வீட்டுக்கு அனுப்பும்போது கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து எங்கோ ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு குடும்பம் தேவையில்லாமல் நிலைகுலையும்.

மஜ்ஜைப்பை · பதிவு 11

சிகிச்சைக்கு அனுப்பும் பக்கத்திலிருந்து சில வரி. பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் இன்றும் மஜ்ஜை மாற்றுதான் முதல் யோசனை, ஏடிஏவில் மட்டும் மரபணு சிகிச்சை அதோடு சமமாக நிற்கத் தொடங்கியிருக்கிறது. உறவினரில் யாரும் பொருந்தவில்லை என்னும்போதுதான் இந்த இழையின் கேள்வியே எழுகிறது.

ஸ்கிட்டில் எல்லாவற்றையும்விட வயது பெரிது. 2014-ல் வந்த பல மைய ஆய்வில் 3.5 மாதத்துக்குள் மாற்று செய்தவர்களில் 94 சதவீதம் பிழைத்தார்கள். அதனால் காய்ந்த ரத்தப் பொட்டில் ட்ரெக் (புதிய டி செல்லில் இருக்கும் டிஎன்ஏ வளையம்) அளக்கும் பிறந்த குழந்தைப் பரிசோதனைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ட்ரெக் டி செல் பிறப்பை மட்டும் அளக்கிறது. சிஜிடி, எல்ஏடி, விஸ்காட்-ஆல்ட்ரிச் எதுவும் அதில் சிக்காது. தாமதமாக வெளிப்படும் ஏடிஏ, ஸாப்-70 குறைபாடு இரண்டும்கூட நழுவும். ட்ரெக் இயல்பு என்று தாள் இருந்தாலும் குழந்தை தொடர்ந்து நோய்வாய்ப்பட்டால் தேடுவதை நிறுத்தாதீர்கள்.

சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து உயிருள்ள தடுப்பூசி எதுவும் வேண்டாம். பிசிஜி ஸ்கிட்டுக்கும் ஆகாது, சிஜிடிக்கும் ஆகாது. ஸ்கிட் குழந்தைக்கு ஏற்றும் ரத்தம் கதிர்வீசியதாக, வெள்ளணு நீக்கியதாக, சிஎம்வி வைரஸ் இல்லாததாக இருக்க வேண்டும். தாய்க்கு சிஎம்வி இருந்தால் தாய்ப்பாலைப் பற்றி உடனே முடிவெடுக்க வேண்டும்; வரிசையில் காத்திருக்கும் மாதங்களில் வாங்கிய சிஎம்வி எந்த வெக்டராலும் ஈடாகாது. திருத்திய டி செல் கண்ணில் படும் அளவுக்கு வர 3 முதல் 6 மாதம் ஆகும், அதுவரை கோட்ரிமாக்ஸசோல், பூஞ்சை மருந்து, இம்யூனோகுளோபுலின் மூன்றும் தொடரும். ஆர்ட்டெமிஸ் சோதனையில் 4 குழந்தைகளுக்கு இந்த இடைவெளியில் தன்னெதிர்ப்பு ரத்தச்சோகை வந்து, டி செல் நிறைந்த பிறகு அடங்கியது. பி செல் முன்னால் வந்து, அதை அடக்கும் டி செல் பின்னால் வந்தால் இப்படி ஆகும். அந்தக் காலத்தில் ஹீமோகுளோபின் சரிந்தால் மருந்தின் பக்கவிளைவு என்று எழுதிவிடாமல், சிவப்பணுவைத் தாக்கும் எதிர்ப்புரதத்தைக் காட்டும் கூம்ப்ஸ் சோதனை பாருங்கள்.

கேள்விக்குறி · பதிவு 12

வெக்டர் எங்கே அமரும் என்பதே பிரச்சினை என்றால் எடிட்டிங் (பிழையை மரபணுவிலேயே திருத்துவது) செய்துவிட்டால் போயிற்றே? சிஜிடியை அதற்கே விட்டுவிடலாம் அல்லவா?

தைமஸ்வாசி · பதிவு 13

சிஜிடியில் ஒரு பகுதியை விடலாம். எக்ஸ் வகையில் சிஒய்பிபி மரபணு நெடுக நூற்றுக்கணக்கான வெவ்வேறு பிழைகள். குடும்பத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டி ஆர்என்ஏ தயாரித்துச் சோதித்து அனுமதி வாங்குவது இன்றைய முறையில் நடக்காது. சிஜிடியின் இன்னொரு வகையான பி47-ல் கதை தலைகீழ். ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே பிழை: என்சிஎஃப்1 மரபணுவின் இரண்டாம் எக்ஸான் தொடக்கத்தில் ஜிடி என்ற இரண்டு எழுத்து காணோம். பக்கத்திலேயே அதே பிழையோடு இரண்டு போலி மரபணுக்கள் கிடக்கின்றன, பிழை அங்கிருந்துதான் தொற்றுகிறது. டிஎன்ஏவை வெட்டும் சாதாரண காஸ்9 நொதி கொண்டு வெட்டினால் மூன்று இடத்திலும் வெட்டும், நடுவில் உள்ள நீளமான துண்டு தொலையலாம். இழையை முழுக்க வெட்டாமல் இரண்டு எழுத்தை எழுதிவிடும் பிரைம் எடிட்டிங் இதற்கென்றே அளந்து தைத்தது போல. 2025 மே மாதம் பிரைம் மெடிசின் நிறுவனம் முதல் நோயாளியின் அளவுகளை வெளியிட்டது: 15-ஆம் நாள் வேலை செய்யும் நியூட்ரோபில் 58 சதவீதம், 30-ஆம் நாள் 66. அதே கையோடு அந்தத் திட்டத்தைத் தன் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து இறக்கியும் விட்டது. 30-ஆம் நாள் அளவு குறுகிய கால முன்னோடிகளைத்தான் சொல்லும், நெடுநாள் குருத்தணுவைப் பற்றி ஒரு வருடம் கழித்துத்தான் பேச முடியும். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

எடிட்டிங் இல்லாமல் முடியாத நோய் வேறு ஒன்று: சிடி40 லிகண்ட் குறைபாடு. அந்தப் புரதம் டி செல் தூண்டப்படும்போது மட்டும் சில மணி நேரம் வர வேண்டும். எப்போதும் எரியும் புரோமோட்டரில் வைத்தபோது எலிகளில் தைமஸில் லிம்போசைட் கட்டுக்கடங்காமல் பெருகியது, 1998-லேயே தெரிந்த விஷயம். அங்கே மரபணுவை அதன் சொந்த இடத்திலேயே செருக வேண்டும். அதற்கு செல் தன் டிஎன்ஏவை மாதிரி பார்த்துப் பழுதுபார்க்கும் வழி திறந்திருக்க வேண்டும், தூங்கும் குருத்தணுவில் அது திறப்பதில்லை. ஏஏவி6 என்ற வைரஸ் வழியாக மாதிரி கொடுத்தால் பி53 என்ற காவல் புரதத்தின் எச்சரிக்கை எழுந்து செல்லை நிறுத்திவிடுகிறது. மறுபடி உறைகலன் சொன்ன அதே இழுபறி: எழுப்பினால் திருந்தும், எழுப்பினால் ஒட்டாது.

உறைகலன் · பதிவு 14

அனுமதி என்றதும் ஒன்று. ஸ்ட்ரிம்வெலிஸ் உறைய வைக்காத தயாரிப்பு, 6 மணி நேரம்தான் ஆயுள், மிலானில் மட்டுமே ஏற்ற முடிந்தது, அறிமுக விலை 5,94,000 யூரோவாக இருந்தது. மிகச் சிலருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. 2021-ன் அந்த ஏடிஏ லென்டி தயாரிப்பில் உறைய வைத்த பையும் புதிய பையும் ஒப்பிடப்பட்டு இரண்டும் வேலை செய்தன, ஆனாலும் உரிமம் பெற்ற நிறுவனம் லாபம் தராது என்று கைவிட்டது. பல்கலைக்கழகம் திரும்ப வாங்கிக்கொண்டது. 2025 டிசம்பரில் விஸ்காட்-ஆல்ட்ரிச்சுக்கான வாஸ்கைரா அமெரிக்க அனுமதி பெற்றபோது விண்ணப்பித்தது டெலிதான் அறக்கட்டளை. லாபம் பார்க்காத அமைப்பு. இந்த நோய்களுக்கு அதுதான் நடக்கக்கூடிய வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

உறைய வைத்த பை என்றால் வெளியிடும் முன் கிருமி, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின், உயிருள்ள செல் சதவீதம், நகல் எண் எல்லாம் பார்க்க நேரம் கிடைக்கும். அதன் பிறகே புசல்பான் தொடங்கலாம். புதிய பையில் மஜ்ஜையைக் காலி செய்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். முழு அளவு புசல்பான் வேண்டிய சிஜிடிக்கு இது சின்ன விஷயமே இல்லை.

ஃப்ளோக்காரர் · பதிவு 15

ஒரு கடைசிக் கேள்வி, என் வேலைக்கு நேரடியானது. சிகிச்சைக்குப் பிறகு, வேலை செய்யும் நியூட்ரோபில் ஒளிரும் டிஹெச்ஆர் சோதனையில் 20 சதவீதம் என்றால் தாய்மாரின் 20 சதவீதத்துக்குச் சமமா?

மஜ்ஜைப்பை · பதிவு 16

இல்லை. தாய்மாரிடம் வேலை செய்யும் செல் முழுசாக வேலை செய்யும். வரைபடத்தில் இரண்டு தெளிவான மலை. திருத்திய செல்லில் புரதம் புரோமோட்டரைப் பொறுத்து வருவதால் மலை இடப்பக்கம் தள்ளி, அகலமாக இருக்கும். சதவீதத்தோடு ஒரு செல்லின் சராசரி ஒளிர்வையும் எழுதுங்கள், நல்ல ஆளின் ஒளிர்வில் எத்தனை சதவீதம் என்று. ஒரு செல் எவ்வளவு சூப்பராக்ஸைடு தயாரிக்கிறது என்பதே ஆயுளோடு தொடர்புடையது என்று 2010-ல் காட்டியிருக்கிறார்கள். ஒளிரும் செல்லை ஒளிராததிலிருந்து பிரிக்கும் கேட் கோட்டை நகர்த்தினால் 12-ஐ 22 ஆக்கிவிடலாம், அதனால் அந்த நோயாளியின் சிகிச்சைக்கு முந்தைய மாதிரியை வைத்துக் கோட்டை ஒருமுறை போட்டு, பிறகு தொடாதீர்கள்.

ஹெப்பாரின் குழாயில், அறை வெப்பத்தில், ஒரு நாளுக்குள். நல்ல ஆளின் ரத்தமும் அதே பெட்டியில் அதே பயணம் போக வேண்டும். வழியில் செல் செத்திருந்தால் இரண்டிலும் தெரியும். மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதியின் குறைபாடு இருந்தால், சூப்பராக்ஸைடு தயாரிக்கும் ஆக்ஸிடேஸ் நன்றாக இருந்தும் டிஹெச்ஆர் மங்கலாகவே வரும், சந்தேகம் இருந்தால் அதைத் தனியாகச் சாயமிட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாத அளவை முடிவாக எழுதாதீர்கள். 6, 12, 24 மாதங்களில் சதவீதமும் நியூட்ரோபில்லில் விசிஎன்னும் ஒரே கோட்டில் போகிறதா என்று பாருங்கள். விசிஎன் நிலையாக நின்று டிஹெச்ஆர் மட்டும் இறங்கினால் புரோமோட்டர் அணைகிறது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் குருத்தணு தொலைகிறது. விசிஎன் ஏறினால் வெக்டர்காரனைக் கூப்பிடுங்கள்.